தராசுக்கு முத்திரை, தங்குமிடத்துக்கு?

நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. மிளகாய் மூட்டை விற்க உணவு உரிமம். சரிதான், மறுக்கவில்லை. நம் மூட்டையைச் சுமக்கும் தொழிலாளி படுக்கும் இரவுக் காப்பகத்தை மட்டும் யார் அளந்து பார்க்கிறார்கள்?

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆளுக்கு 50 சதுர அடி, குடிநீர், கழிப்பறை, தீத்தடுப்பு என்று 2013-ல் மத்திய அரசுத் திட்டம் விதி வகுத்தது.

நம் கடைத் திண்ணையில் படுப்பவரிடம், "காப்பகத்துக்குப் போகலாமே" என்றோம். "பத்து மணிக்குக் கதவைப் பூட்டிடறாங்க முதலாளி. லாரி ரெண்டு மணிக்குத்தானே வருது?" என்றார்.

காப்பகத்துக்கும் உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் சோதனை வேண்டும். ஆனால் குறை கண்டதும் பூட்டி சீல் வைத்தால் உள்ளே இருப்பவர் நடைபாதைக்கே திரும்புவார். எனவே முதலில் நோட்டீஸ், திருத்த அவகாசம், பழுது பார்க்கப் பணம். தீ அபாயம் இருந்தால் மாற்றிடம் தந்த பிறகே மூட வேண்டும்.

நாம் விலைப்பட்டியல் வைப்பதுபோல் காப்பக வாசலிலும் விதிகளை எழுதி வைக்கட்டும். நம் சங்கம் இதை மாநகராட்சிக்கு மனுவாகத் தர வேண்டும். நம் சரக்கை இறக்குபவரின் உறக்கம் நம் பொறுப்பும்தான்.