வானம் பக்கம், வாசல் தூரம்!

தோழா!

நாடகத்திலே திரை விலகினால் அரண்மனை தெரியும். அல்லது குடிசை தெரியும். இன்று நான் காட்டும் காட்சியில் இரண்டும் இல்லை. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை. நள்ளிரவு. ஒரு வீட்டு வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. கயிறு கட்டிய பெட்டி ஏறுகிறது. பெட்டியை அடுத்து மகன் ஏறுகிறான். மகனை அடுத்துத் தாய், தாயை அடுத்துத் தாய்மாமன்! பிழைப்புத் தேடி வளைகுடா நாட்டுக்குப் பறக்கிறான் பிள்ளை. திரும்பி வர ஈராண்டு ஆகும்; வழியனுப்பாமல் இருப்பரோ?

கார் மேற்கே செல்கிறது. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுக் கணவாய், தென்மலை, நெடுமங்காடு. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்தால் திருவனந்தபுரம். போகும்போது அவனோடு போகும் வண்டி, வரும்போது அவனின்றி வரும். வாடகையோ போக்குக்கும் உண்டு, வரவுக்கும் உண்டு! கொடுத்தது யார்? தாயின் காதில் கிடந்த கம்மல் கொடுத்தது!

"ஏன், பேருந்து இல்லையா?" என்று நீ கேட்பாய். உண்டு, தோழா, உண்டு. மலையேறி இறங்கி அது தம்பானூர் நிலையத்தில் நிற்கும். விமான நிலைய வாசலில் நிற்காது. மிச்சம் இருப்பது சில கிலோமீட்டர்தான். அறியாத ஊர், புரியாத மொழி, பிந்தினால் பறந்துவிடும் விமானம்! அந்தச் சில கிலோமீட்டருக்கு அஞ்சித்தான் நூறு கிலோமீட்டருக்கும் கார் பேசுகிறான். கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டவன் நான். கணக்கிலே புலி அல்லன். எனக்கே விளங்கும் இந்தக் கணக்கு, கோடிகளைக் கொட்டித் திட்டம் தீட்டுவோருக்கு விளங்கவில்லையே!

வாசலை அடைந்தானா? உள்ளே வேறொரு கை நீளுகிறது. 2021 அக்டோபரில், கேரள அரசின் எதிர்ப்பையும் மீறி, அந்த நிலையம் 50 ஆண்டுக் குத்தகையாக அதானி குழுமத்திடம் சென்றது. 2024 ஜூலையில், உள்நாட்டுப் பயணி ஏறுவதற்கான கட்டணம் 506 ரூபாயிலிருந்து 770 ரூபாய் ஆயிற்று. இறங்குபவனுக்கும் புதிதாக 330 ரூபாய்! ஏறினாலும் வரி, இறங்கினாலும் வரி. மன்னர் காலத்துச் சுங்கச்சாவடிகூட இதைக் கண்டால் நாணும்!

சென்னைக்குப் போய்ப் பறப்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல சேதி. செங்கோட்டையில் புறப்படும் பொதிகை ரயிலில் தாம்பரத்தில் இறங்கினால், மின்சார ரயிலில் 5 ரூபாய், திரிசூலம்! எதிரே விமான நிலையம். நடுவே பெருஞ்சாலையும் ஒரு சுரங்கப்பாதையும்தான். 2016 செப்டம்பர் 21 முதல் மெட்ரோ ரயிலும் அங்கே செல்கிறது. அதன் உச்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக 2021இல் குறைத்தார்கள். நல்லதை நல்லது என்போம், நமக்கென்ன நட்டம்? ஆனால் திரிசூலத்து 5 ரூபாய் வழியைப் பற்றி நம்மூர்ப் பிள்ளையிடம் யார் சொன்னார்கள்? பயணச்சீட்டு விற்ற முகவர் சொன்னாரா? கார் உண்டு என்று சொல்ல ஆயிரம் பேர். ரயில் உண்டு என்று சொல்ல ஆளில்லை.

பேருந்தில் போனவன் பாடு வேறு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் மாபெரும் பேருந்து நிலையம் திறந்தார்கள். வாசலிலே ரயில் நிலையம் இல்லாமலே திறந்தார்கள்! ரயில் டில்லியின் கையில்தான். ஆனால் திறக்கும் நாளைக் குறித்தது சென்னைக் கோட்டை. டில்லியைச் சாடும் உரிமை நமக்கு உண்டு. சாடிவிட்டு உறங்கும் உரிமை இல்லை.

நோய்க்கு மூலம் எங்கே? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பார். விமான நிலையம் ஒன்றியப் பட்டியலில், ரயிலும் அங்கேயே. ஊர்ப் பேருந்தை ஓட்டுவதோ மாநிலம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூறடி நடப்பவன் ஓர் அரசின் எல்லையிலிருந்து மற்றோர் அரசின் எல்லைக்குள் நுழைகிறான். அவன் இடறி விழும் இடமோ எவர் எல்லையிலும் இல்லை! திருவனந்தபுரம் வழியிலோ மாநிலங்களே இரண்டு. சிங்கப்பூரிலே 2002ஆம் ஆண்டிலேயே சாங்கி விமான நிலையத்துக்கு அடியில் ரயில் வந்து நின்றுவிட்டது. இங்கே கம்மலை விற்றுக் கார் ஏறியவன், அங்கே இறங்கியதும் ரயில் ஏறுகிறான். அவன் மாறவில்லை, தோழா, வாசல் மாறியது!

நாம் கேட்பது மாளிகை அன்று. தென்காசியிலிருந்து மலை தாண்டும் பேருந்துகளில் ஒன்றிரண்டு, விமானம் புறப்படும் வேளைக்கு ஏற்ப, நிலைய வாசல் வரை செல்லட்டும். இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் அமர்ந்து பேசினால் முடியும் காரியம். மலையைக் குடையவேண்டியதில்லை, கடலைத் தூர்க்கவேண்டியதில்லை.

அதற்குக் கணக்கு வேண்டும். வெறும் கண்டனம் போதாது. குத்துக்கல்வலசையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுவீடாகச் செல். இந்த ஓராண்டில் எத்தனை பேர் பறந்தனர், எத்தனை கார் பேசினர், எவ்வளவு கொடுத்தனர் என்று கேட்டு எழுது. அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு போ. தீர்மானமாக எழுதச் சொல். நகல் ஒன்றை நம் அலுவலகத்துக்கு அனுப்பு.