பாடநூலுக்கு வெளியே கிடக்கும் 36 மதிப்பெண்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கினால் பள்ளிக்கூடத் தெருவின் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் கூடிவிடும். ஆங்கிலத்துக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று சில பக்கங்கள் கைமாறும். இரண்டு பாடத்துக்குப் பத்தி, இரண்டு கவிதைக்குப் பத்தி, ஒரு துணைப்பாடக் கதை, மனப்பாடப் பாட்டு, எந்தக் கேள்விக்கும் பொருந்திவிடும் என்று நம்பப்படும் ஒரு கடிதம். இவற்றை உருப்போட்டால் பாஸ் நிச்சயம் என்பார்கள். இந்த உத்தியை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. பள்ளியில் ஒரு பீரியடைத் தவிர ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைக்கு, 35 என்ற கரையைப் பிடிக்க யாரோ வீசிய கயிறு அது. ஆனால் வினாத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தால், பிள்ளைகளின் உழைப்பில் பெரும்பகுதி இடம் தெரியாமல் செலவாவது புரியும்.

முன்பு ஆங்கிலம் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு நாள் தேர்வாக இருந்தது. 2019-20 கல்வியாண்டில் அதை ஒரே தாளாக்கினார்கள். மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2 எழுத வேண்டும். இவற்றில் பாடநூலைப் படித்தே ஆக வேண்டியவை எவை? உரைநடைப் பத்திக்கு 10, கவிதைக்கு 10, மனப்பாடப் பாட்டுக்கு 5, துணைப்பாடத்துக்கு 13, குறுவினாக்களுக்கு 12. ஆகப் பாதி. ஒரு மதிப்பெண் வினாக்களைத் தனியே வைத்துவிடலாம். மீதி என்ன? இலக்கணம் 6, வழி சொல்லும் 'ரோடு மேப்' 2, விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை திருத்தம் ஆகியவற்றில் நான்குக்கு 20, படித்திராத பத்தியையோ பாட்டையோ தந்து கேட்கும் வினாவுக்கு 8. கூட்டினால் 36. தேர்ச்சிக்குத் தேவையானதைவிட ஒன்று அதிகம்! இதில் எதற்கும் நெட்டுரு உதவாது.

வகுப்பில் இந்த 36-க்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. உரைநடையில் ஏழு பாடம். தேர்வில் எழுதப்போவது இரண்டே பத்தி. அந்த இரண்டுக்காக ஆண்டு முழுக்க மாய்ந்து மாய்ந்து ஒப்பிக்கவைக்கிறோம். பொருள் தெரியாமல் உருப்போட்ட பத்திக்கு ஒரு குணம் உண்டு. நடுவில் ஒரு சொல் மறந்தால் பேனா அதோடு நின்றுவிடும். அடுத்த வாக்கியத்துக்குத் தாண்டிப் போகவும் வழியிருக்காது. மனப்பாடப் பாட்டு வேறு விஷயம். அதை வரி பிசகாமல், நிறுத்தற்குறியோடு உருப்போடத்தான் வேண்டும்.

ரோடு மேப்பையே எடுத்துக்கொள்வோம். இரண்டே மதிப்பெண்தான், ஆனால் கட்டாய வினா. 'கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட்' என்று படத்தைப் பாராமலே எழுதிவிட்டு நகர்கிற பிள்ளைகள் ஏராளம். பார்த்து எழுதுகிறவர்களும் தாளின் இடப்பக்கத்தையே நடப்பவரின் இடப்பக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். மேலிருந்து கீழே இறங்கும் தெருவில் அது தலைகீழ் ஆகிவிடும். நடக்கும் திசை நமக்கு நேர் எதிரே இருக்கும்படி வினாத்தாளைத் திருப்பிக்கொண்டால் போதும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் ஆகாது.

படம் பார்த்து எழுதும் வினாவில் நடப்பது இன்னும் வேடிக்கை. எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்று தயாராக ஐந்து வாக்கியங்கள் வைத்திருப்பார்கள். படம் அழகாக இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்ற ரகம். கறுப்பு வெள்ளையில் அச்சான படத்தைக் 'கலர்ஃபுல்' என்று எழுதுவார்கள். மரம் வெட்டும் காட்சியையும் 'பியூட்டிஃபுல்' என்பார்கள். அதற்குப் பதில் படத்தில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், பின்னால் என்ன தெரிகிறது என்று மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே கேட்கப் பழகிய பிள்ளைக்கு ஐந்து சின்ன வாக்கியம் தானாக வரும். விளம்பரத்துக்குப் பாடநூலிலேயே ஆடித் தள்ளுபடியைக் குறிப்பாகத் தந்திருக்கிறார்கள். ஜவுளிக்கடை நோட்டீஸ் பார்க்காத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? கட்டம் போட்டு, கடைப் பெயரைப் பெரிதாக எழுதி, கொடுத்த குறிப்பு எதையும் விடாமல் அமைக்கத் தெரிந்தால் ஐந்து மதிப்பெண்.

பிழை திருத்தமும் அப்படித்தான். திரும்பத் திரும்ப வரும் பிழைகள் கொஞ்சமே. 'ஒன் ஆஃப் தி'க்குப் பின் ஒருமைப் பெயர், 'தோ' வந்த வாக்கியத்தில் மறுபடி ஒரு 'பட்', 'சீனியர்' என்ற சொல்லுக்குப் பின் 'டூ'வுக்குப் பதில் 'தேன்'. பழைய வினாத்தாள்களைப் புரட்டி இப்படி இருபது முப்பதைத் தொகுத்துக்கொண்டால், அதுவே உருப்படியான மினிமம் மெட்டீரியல்.

துணைப்பாடக் கதைக்கு நான் சொல்லும் வழியைச் சில ஆங்கில ஆசிரியர்கள் ஏற்க மாட்டார்கள். கதையை முதலில் தமிழில் சொல்லவிடுங்கள். தீவு, அங்கே மந்திரம் தெரிந்த பிராஸ்பெரோ, அவர் மகள் மிராண்டா, புயல் என்று ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' கதையைத் தமிழில் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளை, குறிப்புகளைப் பார்த்ததும் எட்டு மதிப்பெண் வினாவுக்குப் பத்து எளிய ஆங்கில வாக்கியம் எழுதிவிடும். ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல்லுக்குள் இருந்தால் பிழையும் குறையும், திருத்துபவருக்கும் படிக்க எளிது. தாய்மொழிக்காக உருகும் அல்போன்ஸ் தோதேயின் 'தி லாஸ்ட் லெசன்' கதையை இதே புத்தகத்தில் பாடமாக வைத்துவிட்டு, ஆங்கில வகுப்பில் தமிழ் பேசாதே என்று அதட்டுவதில் என்ன பொருத்தம் இருக்கிறதோ!

நேரம் பெரிய சிக்கல் இல்லை. எழுத மூன்று மணி நேரம், வினாத்தாளைப் படிக்கத் தனியே 10 நிமிடம். விளம்பரம் முதல் பிழை திருத்தம் வரையான ஆறில் எந்த நான்கை எழுதுவது, எந்த இரண்டை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டிய பொழுது அந்தப் பத்து நிமிடம்தான். பலர் அதை மனப்பாடப் பாட்டை முணுமுணுத்தே கழித்துவிடுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. எழுதவைத்தால் திருத்த வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் அது பெரும்பாடு. ஒப்பிக்கவைப்பது சுலபம். மதிப்பாய்வுக் கூட்டங்களில் தலைமையாசிரியரிடம் கேட்கப்படுவதும் தேர்ச்சி விழுக்காடுதான். அந்தக் கேள்வி மாறாத வரை மினிமம் மெட்டீரியலும் மாறாது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். பின்தங்கிய பத்துப் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வில் படம் பார்த்து எழுதிய பக்கத்தையும் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம். வகுப்பில் எல்லோரும் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் கீற வேண்டாம், ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்தித் தரலாம் என்று அனுமதித்தால், சிறப்பு வகுப்பின் அரைமணியில் நாற்பது பக்கமும் முடிந்துவிடும்.