சீல் குத்துறவனுக்கு யார் சீல் குத்துவது?

பரீட்சை முடிந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் ஆயாவுக்கு (அப்பாவின் அம்மா) ரத்தப் பரிசோதனை எடுத்தோம். மூன்று மாத சராசரி சர்க்கரை ஒரு லேபில் 7.1 என்று வந்தது. டாக்டருக்கு சந்தேகம். வேறு இடத்தில் எடுத்துப் பாருங்கள் என்றார். அங்கே 8.4. இடையில் நான்கே நாள்தான். முதல் எண் சரியென்றால் இப்போது சாப்பிடும் மாத்திரையே போதும். இரண்டாவது சரியென்றால் மருந்தைக் கூட்டியாக வேண்டும். எதை நம்புவது?

அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சர்டிபிகேட் விஷயத்தில் அனுபவஸ்தர். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "7.1 போட்டதுல சீல் இருக்கு, இதையே வெச்சுக்கலாம்" என்றார்.

ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது: "அந்த சீல் குத்துறவனுக்கு யாருடா சீல் குத்துறது?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்கு சிரிப்பு வரவில்லை. ஆடிட்டிங் பேப்பரில் ஒருமுறை அரியர் வைத்து மீண்டவன் நான். புத்தகத்தில் இந்தக் கேள்வியைத்தான் நாற்பது பக்கத்துக்குச் சுற்றி வளைத்திருப்பார்கள். ஆயா ஒரே வரியில் கேட்டுவிட்டது. சரி, பதில் தேடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் லேப். நம் ஊரில் ரிப்போர்ட் மேல் இருக்கும் சீல் பெரும்பாலும் என்.ஏ.பி.எல். என்ற தேசிய அமைப்புடையது. மருத்துவ லேப் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 15189 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி நடக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்த்து அங்கீகாரம் தருவது இவர்கள் வேலை.

ஆனால் ஆள் வந்து ஃபைலைப் பார்த்தால் மட்டும் எண் சரியாக வருமா? அதற்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. இதில் நம்ம வேலூருக்குப் பெருமை. சி.எம்.சி.யின் உயிர்வேதியியல் துறை ஒரு வெளித்தர மதிப்பீட்டுத் திட்டம் நடத்துகிறது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான லேப்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. பொடியாக உலர்த்திய ரத்த நீர் மாதிரி இங்கிருந்து போகும். லேப்காரர் அதைக் கரைத்து, நோயாளியின் மாதிரியைப் போலவே ஓட்டி, வந்த எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதே முறையில் செய்த மற்ற லேப்களின் சராசரியோடு ஒப்பிட்டு, நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்று சொல்லிவிடுவார்கள். விடை தெரியாமல் எழுதும் மாதாந்திரத் தேர்வு மாதிரி. பரோட்டா வாசனையோடு நாம் கடக்கும் அந்த ஊரில் இப்படி ஒரு வேலை நடப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது ஆயாவின் கேள்வி. தேர்வு வைக்கும் சி.எம்.சி. திட்டத்தை யார் சோதிப்பது? இப்படித் தேர்வு நடத்துகிறவர்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 17043 என்று தனித் தரம் உண்டு. அதன்படி அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல். சரி, என்.ஏ.பி.எல்.லை யார் சோதிப்பது? அங்கீகாரம் தரும் அமைப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 17011. அதன்படி ஆசிய பசிபிக் கூட்டமைப்பு ஒன்று மற்ற நாட்டு அமைப்புகளின் ஆட்களை அனுப்பிப் பார்க்கிறது. (பழைய இரண்டு கூட்டமைப்புகள் 2019 ஜனவரியில் ஒன்றாகி உருவானது இது.) அதற்கும் மேலே உலக அளவிலான ஏற்பாடு. 2000 நவம்பரில் வாஷிங்டனில் 28 நாடுகளின் 36 அமைப்புகள் சேர்ந்து, உன் சோதனையை நான் ஏற்கிறேன், என் சோதனையை நீ ஏற்றுக்கொள் என்று கையெழுத்துப் போட்டன.

அதற்கும் மேலே? யாரும் இல்லை. உச்சியில் போய்ப் பார்த்தால் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ளும் சக ஊழியர்கள்தான் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி கதையும் இதேதான். நம் நாட்டில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச்., இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் 2005ல் தொடங்கியது. அதன் தரநூலைச் சோதிப்பது இஸ்குவா என்ற சர்வதேசச் சங்கம். 1985ல் தொடங்கியது, இப்போது அயர்லாந்தின் டப்ளினில் இருக்கிறது. 1999 முதல் மதிப்பீட்டாளர்களை மதிப்பிடும் திட்டத்தை நடத்தியது. பிறகு அந்த வேலைக்கென்றே தனி அமைப்பை உருவாக்கிப் பிரித்துவிட்டார்கள். இவர்கள் மூன்றைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள்: எழுதி வைத்திருக்கும் தரநூல், அதை அமல்படுத்தும் அமைப்பு, ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி. நான்கு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வு. வந்து பார்ப்பவர்கள் யார்? பெரும்பாலும் மற்ற நாடுகளில் இதே தொழில் செய்பவர்கள். செலவு யாருடையது? சோதிக்கப்படுபவருடையது.

இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. இந்தப் படத்தை நாங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டோமே!

அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவால் ஆனது. அதன் தணிக்கையாளர் ஆர்தர் ஆண்டர்சன். அந்தக் காலத்தில் பெரிய தணிக்கை நிறுவனங்கள் ஒன்றை ஒன்று சோதித்துக்கொள்வதுதான் வழக்கம். ஆண்டர்சனை டெலாய்ட் சோதித்தது. என்ரான் விழுந்த சில வாரங்களிலேயே வெளியான அந்தச் சோதனை அறிக்கை, ஆண்டர்சனின் தரக் கட்டுப்பாடு திருப்தி என்றது! 2002ல் சட்டம் போட்டு, தணிக்கையாளர்களைச் சோதிக்கத் தனி வாரியமே அமைத்தார்கள். அதன் ஆய்வு அறிக்கைகளில் ஒரு பகுதி பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது.

நம் நாட்டில் 2009 ஜனவரியில் சத்யம். வருடக்கணக்காக "கணக்கு சரி" என்று கையெழுத்து வாங்கிய கம்பெனி. பட்டயக் கணக்காளர்கள் ஒருவரை ஒருவர் சோதிக்கும் வாரியம் இங்கே 2002லேயே இருந்தது. அப்படியும் தப்பவில்லை. கடைசியில் 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. அதுவும் தன் ஆய்வு அறிக்கைகளை வெளியிடுகிறது.

கணக்கு உலகம் அடி வாங்கிக் கற்ற பாடம் இது. சக தொழில்காரர் சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலையின் நுணுக்கம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. சோதிக்கப்படுபவரிடம் காசு வாங்காத ஒருவர் ஒரு பங்கையாவது மறுபடி பார்க்க வேண்டும், பார்த்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

வைத்திய உலகத்திலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1965ல் முதியோர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, ஜாயின்ட் கமிஷன் என்ற தனியார் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி அரசாங்கத் தகுதியையும் பெற்றதாகவே கருதப்படும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மற்ற அமைப்புகள் அரசிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், இவர்களுக்கு மட்டும் தேவையில்லை. அந்தச் சலுகையை எடுக்க 2008 வரை ஆனது. இவர்கள் பார்த்துவிட்டுப் போன ஆஸ்பத்திரிகளில் சிலவற்றுக்கு 60 நாளுக்குள் மாநில அரசு ஆய்வாளர்கள் போய் மறுபடி பார்ப்பார்கள். முதல் ஆள் கோட்டை விட்டது எத்தனை என்று கணக்கிட்டு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை போகும். மதிப்பீட்டாளருக்கு மதிப்பெண் போடுவது என்றால் இது!

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளைச் சோதிக்கும் ஆணையம் ஆய்வு அறிக்கைகளை முழுசாகவே வெளியிடுகிறது. 2024ல் அந்த ஆணையத்தையே பென்னி டேஷ் என்ற மருத்துவர் தலைமையில் ஆராய்ந்தார்கள். மதிப்பிட வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்று மதிப்பிடப்படவே இல்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேயே போயிராத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. மானம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் மக்களுக்குத் தெரிந்தது.

நம் ஊரில் என்.ஏ.பி.எச். பெற்ற ஆஸ்பத்திரிகளின் பட்டியல் கிடைக்கிறது. ஆய்வாளர் உள்ளே என்ன பார்த்தார், எதைத் திருத்தச் சொன்னார் என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. ஆனால் சீலுக்குப் பின்னால் பொதுப் பணம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தில் இந்த அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரிக்குக் கட்டணம் 15 சதவீதம் குறைவு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் முழு அங்கீகாரம் பெற்றவர்களுக்கு 15 சதவீதம் கூடுதல் என்று வைத்தார்கள். நம் வரிப் பணத்தில் கூடுதல் தொகை போகும்போது, எதற்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

"தம்பி, அறிக்கையை வெளியிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் குறையை மறைக்கத் தொடங்கிவிடுவார்கள்" என்று என் பேராசிரியர் ஒருவர் சொன்னார். நியாயமான பயம்தான். ஒரு நர்ஸ் தான் செய்த தவறைத் தானே முன்வந்து சொன்னால் அதை ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டக்கூடாது. அது ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் வெளியாள் வந்து பார்த்த முடிவு வேறு விஷயம். இப்போது மட்டும் மறைப்பதில்லையா என்ன? தேதி சொல்லிவிட்டு வரும் ஆய்வுக்கு ஊரே தயாராகிறது.

இதை ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளிநாட்டு பையர் ஆடிட் வரும் வாரம் எப்படி இருக்கும் என்று இங்கே வீட்டுக்கு ஒருவருக்குத் தெரியும். கிளவுஸ் வரும், பூட்டிக் கிடந்த அவசர வழி திறக்கும், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும். அப்பா பழைய கம்பெனி ஒன்றில் பார்த்ததைச் சொல்லுவார்: ஆடிட்டர் கார் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமாம்.

இது சிரிக்கும் விஷயமும் அல்ல. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்குத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. கொடுத்தது ரீனா என்ற இத்தாலி நிறுவனம். நேரில் போய்ப் பார்த்தது உள்ளூரில் அமர்த்திய வேறொரு நிறுவனம். ரீனாவுக்கும் மேலே அங்கீகாரம் கொடுத்த அமைப்பு ஒன்று இருந்தது. ஆக, அடுக்கில் ஒரு படி கூடக் குறையவில்லை. உச்சியில் இருந்தவருக்கும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கும் நடுவில் காகிதம் மட்டும்தான் போய்வந்தது.

அதனால் என் கருத்து இதுதான். மேலே இன்னொரு சீல் சேர்ப்பதால் நம்பிக்கை கூடாது. மூன்று விஷயம் செய்யலாம். ஒன்று, ஆய்வு அறிக்கையின் சுருக்கத்தையாவது தமிழில் ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டுங்கள். இரண்டு, சொல்லாமல் போய்ப் பாருங்கள். மூன்று, அங்கீகாரக் கட்டணத்தில் பங்கில்லாத ஒருவர் வருடத்துக்குச் சில ஆஸ்பத்திரிகளை மறுபடி பார்த்து, முதல் ஆய்வாளர் தவறவிட்டதை வெளியிடட்டும். இஸ்குவா போன்றவர்களும் என்.ஏ.பி.எச்.சைப் பார்த்து எழுதிய அறிக்கையை நமக்குக் காட்டட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் மொத்த லேபுக்கும் அல்ல, பட்டியலில் உள்ள பரிசோதனைகளுக்கு மட்டும்தான். பட்டியல் இணையத்தில் இருக்கிறது. என்.ஏ.பி.எச்.சிலும் நுழைவுநிலைச் சான்று வேறு, முழு அங்கீகாரம் வேறு. காலாவதி தேதியையும் பாருங்கள்.

இதையெல்லாம் படித்த பிறகுதான் ஆயாவின் 7.1 ரிப்போர்ட் கொடுத்த லேபின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். சீல் நிஜம்தான். ஆனால் மூன்று மாத சராசரி சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. மறுநாள் ஆயாவை வேலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் மூன்றாவது முறை எடுத்தோம். 8.3 வந்தது. மாத்திரை கூடிவிட்டது, இனிப்பு நின்றுவிட்டது. ஆயாவுக்கு என் மேல் ஒரே கோபம்.

அப்பாவிடம் பட்டியலைக் காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "எங்க கம்பெனி சர்டிபிகேட்டுக்கும் இந்த மாதிரி லிஸ்ட் இருக்குமாடா?" என்று கேட்டார்.

அதைத்தான் இப்போது இரண்டு பேரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.