வளையத்துக்குள் ஒரு குதிரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் நீங்கள் என்ன எழுதினீர்கள்? நான் எழுதியது ‘கூலி’. உண்மையில் என் தந்தை அரியலூரில் ஒரு கடைசல் பட்டறையில் இருபத்தைந்து ஆண்டுகளாக மரம் கடைபவர். கட்டில் கால், தொட்டில் கம்பு, நடைவண்டிச் சக்கரம், பருப்பு மத்து, பம்பரம் எல்லாம் அவர் கையில் உருப்பெறுபவை. ‘கடைசல் தொழிலாளி’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். “கூலின்னே எழுதிடு பாப்பா. கடைசல்னா அங்க யாருக்குத் தெரியப் போவுது?” என்றார். நானும் எழுதிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த முதற்படியிலேயே தந்தையின் தொழிலை மறைத்து வைத்துவிட்டு ஏறினேன் என்பது அன்றுமுதல் நெஞ்சில் முள்ளாக உறுத்துகிறது.

அண்மையில் தோழி ஒருத்தி தன் கைப்பேசியில் காட்டிய ஒரு படம் அந்த முள்ளை மீண்டும் அசைத்துவிட்டது. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்து மலைப்பகுதியில் சைஃபென் என்றொரு சிற்றூர். அவ்வூர் மக்கள் முற்காலத்தில் வெள்ளீயச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தவர்கள். சுரங்கம் நலிவுற்றபோது, சுற்றிலும் இருந்த காட்டு மரத்தை நம்பினார்கள். ஓடைநீரின் விசையால் சுழலும் கடைசல் எந்திரங்களில் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார்கள். 1800ஆம் ஆண்டையொட்டி அங்கே உருவானதுதான் வளையக் கடைசல் என்னும் அரிய முறை.

அம்முறையைச் சற்றே விளக்குகிறேன். ஈரம் காயாத ஸ்புரூஸ் மரத்தின் அடிமரத்தை வட்ட வட்டமாக அறுத்து, ஒரு வட்டை எந்திரத்தில் மாட்டிச் சுழல விடுகிறார்கள். தொழிலாளி ஒரு பக்கத்தில் உளி பிடித்துப் பள்ளமும் மேடுமாகக் கடைகிறார். பிறகு வட்டைத் திருப்பி மாட்டி மறுபக்கம் கடைகிறார். முடிவில் கிடைப்பது ஒரு மரவளையம். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் வளையல்தான். ஆனால் அவ்வளையத்தைக் கத்தி வைத்துப் பிளந்தால், வெட்டிய முகத்தில் ஒரு குதிரை நிற்கிறது! அப்பம் துண்டு போடுவதுபோல் சுற்றிலும் பிளந்தால், ஒரே வளையத்திலிருந்து பல பத்துக் குதிரைகள். பின்பு ஒவ்வொன்றையும் சிறு கத்தியால் செதுக்கி, மூலைகளை மழுக்கி, வண்ணம் பூசுகிறார்கள். மரத்தின் நார் கால்களின் வழியே நெடுக ஓடுவதால் மெல்லிய கால்களும் எளிதில் ஒடிவதில்லை.

இதில் வியப்பு எதுவென்றால், கடையும் வேளையில் அத்தொழிலாளியால் குதிரையைப் பார்க்கவே முடியாது. அது மரத்துக்குள் மறைந்திருக்கிறது. வயிறு எங்கே, கழுத்து எங்கே என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது. கை அதைப் பின்பற்றுகிறது.

ஓர் உருவத்தை ஓர் அச்சைப் பற்றிச் சுழற்றுவதால் உண்டாகும் திடப்பொருளின் கன அளவை நாம் பன்னிரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தோம். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் என்னும் கணித மேதையின் தேற்றம் அதற்கு ஓர் எளிய வழி காட்டுகிறது: உருவத்தின் பரப்பை, அதன் மையப்புள்ளி சுற்றிவரும் தூரத்தால் பெருக்கினால் போதும். குதிரை உருவத்தின் பரப்பு 12 சதுர செ.மீ., அதன் மையம் அச்சிலிருந்து 12 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். மையம் சுற்றும் தூரம் ஏறத்தாழ 75.4 செ.மீ. வளையத்தின் கன அளவு சுமார் 905 கன செ.மீ. அதை 48 துண்டாக்கினால் ஒரு குதிரைக்குச் சுமார் 19 கன செ.மீ. மரம். நாம் தாளில் போடும் இக்கணக்கின் உருவத்தைச் சைஃபென் தொழிலாளி உளிமுனையில் போடுகிறார்.

அந்தப் படத்தை என் தந்தையிடம் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது. “கண்ணால இல்ல பாப்பா, சத்தத்தக் கேட்டுல்ல கடையறாரு. மரம் மெலிஞ்சா உளிச் சத்தம் மாறும்” என்றார். கடல் கடந்த ஒரு தொழிலாளியின் மனத்தை என் தந்தை ஒரு நொடியில் படித்துவிட்டார். கணிதம் படிக்கும் எனக்கு அது கேட்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரையா நான் ‘கூலி’ என்ற இரண்டெழுத்தில் அடக்கினேன்?

நம் மண்ணிலும் இக்கலைக்கு உறவினர் உண்டு. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி வண்ணமாகப் படிகிறது; தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கடைசலில் பிறந்தவையே. நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், ஒரே கட்டையில் தெய்வ உருவங்களைச் செதுக்குகிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் பெருமைப்பட்டோம். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். கையைக் காக்க நல்ல ஊதியமும் கற்க வரும் மாணவரும் வேண்டும்.

சைஃபெனில் மட்டும் பாலும் தேனும் ஓடின என்று நான் சொல்லவில்லை. அங்கும் ஒரு காலத்தில் குடும்பமே அமர்ந்து, குழந்தைகள் உட்பட, சொற்பக் கூலிக்குப் பொம்மை செய்தார்கள். வளையக் கடைசல் அறிந்தோர் இன்று மிகச் சிலரே. ஆயினும் ஜெர்மனியில் மரப்பொம்மை செய்தல் மூன்றாண்டுப் பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் உள்ள தொழில். யார் பிள்ளையும் சேரலாம்.

‘யார் பிள்ளையும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். “அப்படியானால் கடைசல்காரர் மகள் கடைசலுக்கே போக வேண்டுமா?” என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி அரசு, பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்று கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழகம் எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அன்று அது கைவிடப்பட்டிராவிட்டால் என்னைப் போன்றவர்கள் இன்று இந்த மலரில் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? 2025இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு விண்ணப்பிப்போர்க்குக் குறைந்த வயது 35 என்று வைத்ததும், படிக்கும் பிள்ளைகள் தொழிலுக்குள் இழுக்கப்படக் கூடாது என்பதற்காகவே. இவை இரண்டையும் நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். பிறப்பு ஒருவர் கையில் உளியைத் திணிக்கக் கூடாது. ஆனால் திணிப்பதை எதிர்த்த நாம், அந்த உளியில் உள்ள அறிவையும் சேர்த்து இழிவாக எண்ணப் பழகிவிட்டோமே, அது சரிதானா? தொழில் குலத்தைவிட்டு வெளியே வரட்டும். அறிவாகக் கல்லூரிக்குள் வரட்டும் என்பதே என் கருத்து.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பருவத்துக்கு ஒரு நாள் கணிதத் துறை ஒரு கடைசல் தொழிலாளியை அழைக்கலாம். தாவரவியல் துறை அரும்பாவூர்ச் சிற்பி ஒருவரை அழைத்து, எந்த மரம் எதற்கு ஆகும் என்று கேட்கலாம். அவருக்குப் பொன்னாடை போர்த்திப் பின்வரிசையில் அமர்த்திவிடாமல், கரும்பலகையின் முன் நிறுத்துவோம். வெளியிலிருந்து வரும் பேராசிரியர்க்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தருவோம். வினாக்களை நாம் கேட்போம். நம் பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே இது நடக்கும்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்திலும் அதே கட்டம் வந்தது. ‘மரக்கடைசல் கலைஞர்’ என்று எழுதினேன். கையொப்பம் இட வாங்கிய தந்தை அவ்விடத்தில் சற்று நேரம் நிறுத்திப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையொப்பமிட்டுத் தந்தார்.

முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்த தோழர்களே! நெய்தல், வனைதல், கடைதல், கல்லுடைத்தல், ஏர் பிடித்தல் என்று நம் பெற்றோர்க்கு ஒரு தொழில் உண்டு. அதற்கொரு பெயரும் உண்டு. அடுத்த முறை அந்தக் கட்டம் வரும்போது அப்பெயரை முழுதாய் எழுதுவோமாக!