சும்மா இருக்கும் எக்ஸ்

நசரத்பேட்டையில் பெங்களூர் ரோடு ஓரம் ஒரு மாடியில், லாரி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி செய்கிறார்கள். மொத்தம் ஐந்து பேர். அதில் 'ஸி' எழுதும் இளைஞர் சனிக்கிழமை வந்தார். முகத்தில் தூக்கமில்லை.

"என் கம்ப்யூட்டர்ல நாள் கணக்கா ஓடுது ஸார். சிப்புல போட்டா ரெண்டு நிமிஷத்துல செத்துடுது. திங்கட்கிழமை நாப்பது லாரிக்கு மாட்டணும்."

"மெமரியை யார் கொடுக்கறது? மாலக்கா?"

"சொந்தமா எழுதினேன் ஸார்." அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை.

மாலக் என்பது மனை புரோக்கர். ப்ரோக்ராம் இத்தனை பைட் என்று கேட்டால் வெட்டிக் கொடுக்கும். வேண்டாம் என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளும். கொடுத்து வாங்கிக் கொஞ்ச நேரமானால், கணக்குப்படி இரண்டு கிரவுண்டு காலி. ஆனால் எல்லாம் துண்டு துண்டாக. சேர்ந்தாற்போல் அரை கிரவுண்டு கிடைக்காது. சில கிலோபைட்டே உள்ள சின்ன சிப்பில் இது ஆபத்து. எனவே சொந்தமாக எழுதியது குற்றமில்லை.

எழுதிய விதம்தான். பெரிய அர்ரே ஒன்றை எடுத்து, இடைவெளியே விடாமல் நறுக்கியிருந்தார். முதலில் ஐந்து பைட்டில் ஒரு பெயர். அதை ஒட்டியே நாலு பைட் எண். இன்டெல் தாராள மனசு, எங்கே ஆரம்பித்தாலும் படித்துவிடும். இவர் வாங்கிய கார்ட்டெக்ஸ் எம்-0 கறார். நாலு பைட் எண்ணின் விலாசம் நாலால் வகுபடாவிட்டால் படுத்துவிடும்.

"அஞ்சு கேட்டா எட்டாக் கொடுங்க. அர்ரேயும் எட்டால வகுபடற இடத்துல ஆரம்பிக்கட்டும்." திருத்தம் இரண்டே வரி.

"அப்ப சொந்த மாலக் நல்லதுதானே ஸார்?"

அளந்து பார்த்தால்தான் தெரியும். 2002-ல் எமரி பெர்கர் குழுவினர் சொந்த மாலக் வைத்திருந்த எட்டு ப்ரோக்ராம்களைச் சோதித்தார்கள். ஆறில், டக் லீ எழுதிய பொது மாலக்கே அதே வேகம் அல்லது அதற்கு மேல்!

இன்னொரு ஆபத்து, சொந்தச் சரக்கு தப்பை மறைக்கும். 2014 ஏப்ரலில் உலகத்தை உலுக்கிய ஹார்ட்ப்ளீட் ஓட்டை, ஓப்பன் எஸ்எஸ்எல்லில் 2012-லிருந்தே இருந்தது. எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதுதான் மூல காரணம். ஆனால் வேகத்துக்காக அவர்கள் சொந்தமாக ஒரு மெமரி பட்டியல் வைத்திருந்தார்கள். அதனால் ஓப்பன் பிஎஸ்டி மாலக்கில் இருந்த காவல்காரன் கண்ணில் திருடன் படவே இல்லை.

"ஒரு வரியை மாத்தினா பழைய மாலக்குக்குத் திரும்பற மாதிரி வெச்சுக்கங்க. தப்பு இருந்தா அது காட்டிக்கொடுக்கும்" என்றேன்.

கிளம்பும்போது கெர்னிகன், ரிட்ச்சியின் 'ஸி' புத்தகத்தைக் காட்டினேன். 1978-லேயே ஒரு குட்டி மாலக் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அதில் எக்ஸ் என்று ஓர் உறுப்பு.

"இதை எங்கயும் உபயோகிக்கவே இல்லையே ஸார்?"

"உபயோகம் கிடையாது. அது சும்மா உட்கார்ந்திருக்கறதாலதான் மத்ததெல்லாம் சரியான விலாசத்துல நிக்குது."

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. நாற்பதும் ஓடுகிறதாம். "எங்க ஆபீஸ்லயும் ஒரு எக்ஸ் இருக்கார் ஸார்" என்றார்.

மானேஜரா என்று நான் கேட்கவில்லை.