சட்டையின் அளவு

தீர்த்தமலை அடிவாரத்து வீடொன்றில், பொங்கலுக்கு மறுநாள், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் புதுச்சட்டையை அணிய மறுத்து அமர்ந்திருந்தான். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தந்தை வாங்கி வந்த சட்டை, தோளில் ஏறவில்லை. “அப்பாவுக்கு என் அளவுகூடத் தெரியல. என்மேல ஆசை இருந்தா தெரியுமே” என்றான். அருகிருந்தோர் சிரித்தனர். “உனக்காகத்தானேடா அங்க போய்க் கல்லும் மண்ணும் சுமக்கிறான்” என்று அதட்டினார் ஒரு பெரியவர்.

அச்சொல்லையே நாம் மறுக்க விரும்புகிறோம். பிள்ளையின் வேதனைக்கு நம் ஊர்கள் வைத்திருக்கும் ஒரே மருந்து அது. ஆனால் அது மருந்தன்று. ‘உனக்காகவே பிரிந்தான்’ என்று கேட்டு வளரும் பிள்ளை, பிரிவுக்குத் தானே காரணம் என எண்ணத் தொடங்குகிறது. ஏக்கத்தோடு குற்ற உணர்வும் சேர்கிறது.

தந்தையரைப் பழிப்பது நம் நோக்கமன்று. வானம் பார்த்த நிலத்தை நம்ப முடியாமலே அரூர்ப் பகுதியினர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக் கொன்ற 20 தமிழருள் இம்மாவட்டத்துச் சித்தேரி மலையினரும் இருந்தனர். வறுமை ஒருவனை எவ்வளவு தொலைவு துரத்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும், பேசாதிருக்குமாறு வறுமை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கைப்பேசியில் மனைவியிடம் கடன் தவணையைப் பேசும் தந்தை, பிள்ளையிடம் மதிப்பெண்ணை மட்டும் கேட்டு முடித்துவிடுகிறார். வீட்டிலிருப்போரோ, “அப்பா வரட்டும், சொல்றேன்” என்று அவரை அடிக்கும் கையாகவே காட்டுகின்றனர். அவர் வரும்போது பிள்ளை ஒதுங்கி நின்றால் வியப்பென்ன?

மறையுரை ஆற்றும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். பிள்ளைகளின் கடமையை ஓயாது விளக்குகிறோம். கொலோசையருக்கு எழுதிய தூய பவுல், பிள்ளைகளை மனந்தளரச் செய்யலாகாது எனத் தந்தையரை எச்சரித்த பகுதியையோ விரைந்து வாசித்துக் கடந்துவிடுகிறோம்.

வேலை வாங்குவோரும் தப்ப இயலாது. ஒப்பந்தக்காரர் வழியாக வேறு மாநிலம் செல்லும் தொழிலாளிக்கு, போகவும் திரும்பவும் பயணப்படியும், பயண நாள்களுக்குக் கூலியும் உண்டு என 1979-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. பின்வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் ஊர் சென்று வரும் செலவை மறக்கவில்லை. நம் ஊர் மேஸ்திரிகளுள் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கித் தந்தனர்? ஊருக்குப் போனால் கூலி போய்விடும் என்று அஞ்சும் தந்தை, மகனின் வளர்ச்சியை எப்போது காண்பது?

அச்சிறுவன் கேட்டது உயர்ந்த சட்டையன்று; தன்னை அறிந்த தந்தையை. வாரம் ஒருமுறையேனும் தந்தையர் பிள்ளையிடமே பேசட்டும். அதன் தோழன் பெயரை, அன்று அது அழுத காரணத்தைக் கேட்கட்டும். ‘அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என ஒரு பிள்ளை கூறுமாயின், தந்தையின் உழைப்பைக் கணக்கிட்டுக் காட்டி அதன் வாயை அடைக்காதிருப்போமாக. அருகமர்ந்து முழுவதும் கேட்போமாக; கேட்டதைத் தந்தையின் செவிக்கும் எட்டச் செய்வோமாக.