கிணற்றடியிற் கற்கும் பாடம்

ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவரிடம் சூழற்றொகுதியின் உயிருள்ள கூறுகள் எவை, உயிரற்ற கூறுகள் எவை என்று வினவினால், அவர்கள் தாமதமின்றி இரண்டு நிரல்களை எழுதிவிடுவர். மரம், பறவை, புழு ஆகியன ஒருபுறம். நீர், ஒளி, மண், வளி ஆகியன மறுபுறம். விடை சரியே. ஆயினும் அவ்விரு நிரல்களுக்கும் இடையே நிகழ்வது யாது என்று கேட்டாற் பலர் மௌனமாவர். பாடத்தின் உயிர்நாடியோ அங்கேதான் இருக்கின்றது. 1935ஆம் ஆண்டில் ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஆதர் தான்சிலி இக்கருத்தை வெளியிட்டபோது, உயிர்களையும் அவை வாழுமிடத்தின் பௌதிக நிலைமைகளையும் ஒரே தொகுதியாகக் கொள்ளவேண்டும் என்பதையே வலியுறுத்தினார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேறிடம் தேடவேண்டியதில்லை. தோட்டக் கிணற்றடியே போதும். வாழையும் கமுகும், கட்டிலே படர்ந்த பாசியும், தவளையும் மண்புழுவும், கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்களும் அங்கே உள்ளன. வெயிலும் நீரும் செம்மண்ணும் அதன் கீழே சுண்ணக்கல்லும் உள்ளன.

அச்சுண்ணக்கல் எங்கிருந்து வந்தது? அது மயோசீன் காலத்தில், அஃதாவது இற்றைக்கு 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடலடியிற் படிந்தது. கடலுயிர்களின் ஓடுகளும் எச்சங்களும் அதிலே பெரும்பங்கு வகிக்கின்றன. இன்று உயிரற்ற நிரலில் எழுதப்படும் கல், ஒரு காலத்தில் உயிர்கள் கட்டிய பொருளாகும்.

இனி, மாரிமழை பெய்கின்றது. மழைநீர் வளியிலுள்ள காபனீரொட்சைட்டிற் சிறிதளவைக் கரைத்துக்கொள்கின்றது. மண்ணுட் புகுந்ததும், வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து வெளிவிட்ட வாயுவை மேலும் ஏற்று, மென்மையான அமிலமாகின்றது. அந்நீர் சுண்ணக்கல்லை மெல்லமெல்லக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்க, அவற்றிலே தங்கும் நீரே கிணற்றில் ஊறுகின்றது. கேத்தலின் அடியிற் படியும் வெண்மையான காறை, இவ்வாறு கரைந்துவந்த கல்லேயாம். சுண்ணக்கற்றூளிற் சிறிது வினாகிரி விட்டால் நுரைத்தெழும் குமிழிகளைப் பிள்ளைகள் வீட்டிலேயே கண்டு மகிழலாம்.

இத்தொடர்பை அறிவது தேர்வுக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் பூவரசங் குழையையும் பழைய பனையோலையையும் தோட்டத்திலே தாழ்த்தனர். நுண்ணுயிர்கள் அவற்றைச் சிறிது சிறிதாக உக்கச்செய்ய, பயிர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. அளவுக்கு மிஞ்சி யூரியா இடும்பொழுது நிகழ்வது வேறு. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் எடாது எஞ்சுவது நீரிற் கரைந்து, கல்வெடிப்புகளின் வழியே கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அவ்வழியே செல்கின்றது.

குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல். குடாநாட்டுத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் பால்மா கரைத்தூட்டினால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றக்கூடும். தாய்மார் ஒன்றை மனத்திருத்தல் வேண்டும்: கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை நீக்காது; நீர் ஆவியாகக் குறைய, அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்றுநீரைப் பரிசோதிப்பித்து அறிவது நன்று.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் இரு நிரல்களோடு நின்றுவிடாது, அவற்றை இணைக்கும் கோடுகளையும் பிள்ளைகளைக் கொண்டு வரைவித்தல் வேண்டும். ஒவ்வொரு கோட்டின்மீதும் ஒரு வினைச்சொல் எழுதப்படட்டும்: கரைக்கின்றது, உறிஞ்சுகின்றது, உக்கச்செய்கின்றது, சுவாசிக்கின்றது. உதிர்ந்த வாழையிலையை எந்த நிரலில் இடுவது என்று பிள்ளைகள் வாதிடுவார்களாயின், அவ்வாதத்தை அடக்காதீர்கள். அவ்விலை உக்கி மண்ணாகி மீண்டும் வாழையாகும் வழியைத் தாமே கண்டுகொள்வார்கள். பின்னர் கிணற்றடியில் எதைக் கொட்டலாம், எதைக் கொட்டலாகாது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவேண்டியிராது.